மயிலாப்பூரில் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவக் கம்பர்

மயிலாப்பூர் பக்கம் கிறிஸ்தவ வரலாறு என்றாலே பேச்சு அப்போஸ்தலர் தோமாவிடம் போய்விடும். அது சரிதான். ஆனால் தமிழ் இலக்கியம் படிக்கிறவர்கள் குறித்துவைக்க வேண்டிய வருஷம் இன்னொன்று உண்டு. 1858ல், மயிலாப்பூர் புனித தோமா ஆலயத்தில், முப்பது வயசு தாண்டிய ஒரு தமிழ்ப் பண்டிதர் ஞானஸ்நானம் பெற்றார். இன்று சாந்தோமில் நாம் பார்க்கிற வெள்ளைப் பேராலயத்தை நினைத்துவிட வேண்டாம். அது எழுந்தது 1896ல், அது கத்தோலிக்கம். இவர் சேர்ந்தது ஆங்கிலிக்கன் சபை. பெயர் கிருஷ்ண பிள்ளை. பிறகு எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை.

1827ல் திருநெல்வேலி அருகே கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். கம்பராமாயணத்தில் ஊறியவர். 1853ல் கால்டுவெல் இவரைச் சாயர்புரத்தில் தமிழ் ஆசிரியராக வைத்தார். அங்கிருந்து சென்னை வந்து, பெர்சிவல் பாதிரியாரின் 'தினவர்த்தமானி' பத்திரிகையில் உதவியாளராக வேலை பார்த்தார். இதே பெர்சிவலோடு யாழ்ப்பாணத்தில் விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவர்தான் ஆறுமுக நாவலர். நாவலர் கடைசிவரை சைவராகவே நின்றார். ஆக, பாதிரியாரிடம் வேலை பார்த்தால் மதம் மாறிவிடுவார்கள் என்கிற எளிய கணக்கு இங்கே உதவாது.

என்னை இழுப்பது மதமாற்றத்தைவிட அதற்குப் பிறகு அவர் செய்த வேலை. கம்பனைக் கரைத்துக் குடித்த ஒருத்தர், தன் ஆயுளின் பெரிய காவியத்துக்கு யாருடைய கதையை எடுத்துக்கொண்டார்? ஜான் பனியன் கதையை. பனியன் இங்கிலாந்தில் பெட்ஃபோர்டு பக்கத்துக்காரர். ஓட்டைப் பாத்திரம் அடைக்கிற தொழில். பெரிய படிப்பெல்லாம் கிடையாது. அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்தார் என்று 1660லிருந்து 1672 வரை சிறையில் கிடந்தார். அவர் 1678ல் வெளியிட்ட 'மோட்சப் பிரயாணம்'தான் கிருஷ்ண பிள்ளையின் கையில் 'இரட்சணிய யாத்திரிகம்' ஆனது. 1894ல் நூலாக வந்தபோது அதில் 3,700க்கும் மேற்பட்ட பாடல்கள். இவருக்குக் 'கிறிஸ்தவக் கம்பர்' என்று பேர் வந்தது இதனால்தான்.

தமிழில் அடக்கத்துக்கு ஒரு மரபே இருக்கிறது: அவையடக்கம். பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனை என்று கம்பனே தன்னைச் சொல்லிக்கொள்கிறான். அழகுதான். ஆனால் அது ஜெயிக்கத் தெரிந்தவன் சபைக்கு முன்னால் குனிகிற குனிவு. பாத்திரம் அடைக்கிறவனிடம் கதை வாங்கி, அதற்குத் தன் வித்தையை எல்லாம் கொடுப்பது வேற மாதிரி. அதை முதல் பாட்டில் சொல்லிவிட்டுப் போய்விட முடியாது. வருஷக்கணக்காகச் செய்யணும்.

பனியன் கதையிலேயே இதற்கு ஓர் இடம் உண்டு. பயணி அலங்கார மாளிகையில் ஆயுதமெல்லாம் தரித்துக்கொண்டு கிளம்புகிறான். அடுத்தது தாழ்மையின் பள்ளத்தாக்கு. மலையேறினது கஷ்டம்; இறங்குவது ஆபத்து. அதனால் விவேகம், முன்மதி, பக்தி, அன்பு என்று பெயர் கொண்ட நான்கு பெண்கள் அடிவாரம்வரை கூட வருகிறார்கள். அப்படியும் ஒன்றிரண்டு இடத்தில் அவனுக்குச் சறுக்குகிறது. ஞானத்தின் வேலை மேலே தூக்கிவிடுவது என்றுதான் நாம் நினைப்போம். பனியன் அதைக் கீழே இறங்க வழித்துணையாக அனுப்புகிறார். இறங்கின பிறகும் நிம்மதி இல்லை, அங்கேதான் அப்பொல்லியோனோடு சண்டை.

இங்கே நியாயமான ஒரு எதிர்க்கேள்வி வரும். பனியன் எழுதியது சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற இங்கிலீஷ். கிருஷ்ண பிள்ளை எழுதியதோ பண்டிதர்கள் மெச்சுகிற விருத்தம். அந்தக் காலத்துத் திருநெல்வேலிச் சபைகளில் பனையேறிக் குடும்பங்கள் ஏராளம்; அவர்களில் எத்தனை பேர் இதைப் படித்திருக்க முடியும்? தாழ்மையைப் பாட இவ்வளவு உயர்ந்த தமிழ் எதற்கு? இதை நான் சப்பைக்கட்டு கட்டி மூடப் போவதில்லை. கற்ற வித்தையை ஒருவனால் கழற்றி வைத்துவிட முடியாது. அதை யார் காலடியில் வைக்கிறான் என்பதைத்தான் பார்க்க முடியும். ஆனாலும் அந்த நடை ஒரு மதில்தான்.

அந்த மதிலில் அவரே வாசலும் வைத்திருக்கிறார். காவியத்தின் நடுநடுவே தேவாரம் என்ற பெயரில் இசைப்பாடல்கள் வருகின்றன. அவற்றில் கதை நின்றுவிடும், வருணனையும் குறைந்துவிடும். தனக்கு வேறு கதியில்லை என்று ஒரு மனுஷன் கையேந்தி நிற்பான். அந்தப் பாடல்களில் சிலதைத் தமிழ்ச் சபைகளில் இன்னமும் பாடுகிறார்கள், பாடுகிறவர்களில் பலருக்கு எழுதினவர் பேர்கூடத் தெரியாது. காவியம் நூலகத்தில் இருக்கிறது. 1900ல் அவர் இறந்த பிறகும் ஜனங்கள் வாயில் நிலைத்தது, பண்டிதர் என்ற அடையாளமே தேவைப்படாத அந்தச் சில பாட்டுகள். அவருக்கு அதில் வருத்தம் இருந்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.