ஈராண்டுப் பாலும் தாயின் உடலும்

கலீபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் (கி.பி. 634–644) வணிகர் கூட்டம் ஒன்று மதீனாவை அடைந்து, ஊர்ப்புறத்தே தொழுகைத் திடலில் இறங்கிற்று. அவர்களுடைய பொருள்கள் களவு போகாமற் காக்கும் பொருட்டு, கலீபாவும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்பு (ரலி) அவர்களும் அன்றிரவு காவலிருந்தனர். காவலிலும் வணக்கத்திலுமாக இரவு கழிந்துகொண்டிருக்கையில், அண்மையில் ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டது. கலீபா சென்று, பிள்ளையைக் கவனிக்குமாறு தாயிடம் சொல்லித் திரும்பினார்கள். மீண்டும் அழுகை; மீண்டும் சென்றார்கள். இரவின் கடைசிப் பகுதியிலும் அது ஓயாதது கண்டு சற்றுக் கடிந்தே கேட்டார்கள். வந்தவர் யாரென்று அறியாத அப்பெண், தான் பால் மறக்கடிக்க முயல்வதாகவும் குழந்தை இணங்க மறுப்பதாகவும் கூறினாள். இத்தனை அவசரம் ஏன் என்று கேட்டதற்கு, பால்குடி மறந்த பிள்ளைகளுக்குத்தானே உமர் உதவித்தொகை அளிக்கிறார் என்றாள்.

அன்றைய சுபுஹுத் தொழுகையில், அழுகையின் மிகுதியால் கலீபா ஓதியது மக்களுக்கு விளங்கவில்லை என்று இப்னு சஅது (மறைவு கி.பி. 845) தம் ‘தபகாத்’ நூலில் வரைகின்றார். தொழுகை முடிந்ததும், பால் மறக்கடிக்க விரைய வேண்டா, இஸ்லாத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பிறந்த நாள் முதலே தொகை உண்டு என்று பறைசாற்றச் செய்தார்கள். அவ்வாணை எல்லாப் பகுதிகளுக்கும் எழுதி அனுப்பப்பட்டது.

உமர் (ரலி) அவர்களின் இரக்கத்திற்குச் சான்றாக இந்நிகழ்ச்சியை நாம் மிம்பர்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆயினும், அதனுள் பொதிந்துள்ள மற்றொரு செய்தியை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஒரு தாய் எத்தனை மாதம் பாலூட்டுகிறாள் என்பதை அவள் மனம் மட்டும் முடிவு செய்வதில்லை. வீட்டின் வறுமையும், அரசின் பதிவேட்டில் எழுதப்பட்ட ஒரு வரியும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

பாலூட்டலை நிறைவாக்க விரும்புவோர்க்கு ஈராண்டு என்று திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம், 233-ஆம் வசனம் எல்லை வகுக்கின்றது. அந்த ஒரு வசனத்திலேயே வேறு பல செய்திகளும் உள்ளன. பாலூட்டும் தாய்க்கு உணவும் உடையும் தருவது தந்தையின் பொறுப்பு. எவர்மீதும் அவர் சக்திக்கு மீறிய சுமை இல்லை. பிள்ளையைக் காரணமாக்கித் தாயைத் துன்புறுத்தலாகாது. இருவரும் கலந்து பேசி மனம் ஒப்பினால் முன்னதாகவே பால் மறக்கடிக்கலாம். செவிலித் தாயையும் அமர்த்தலாம். ஈராண்டு என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றை விட்டுவிட்டு, பால் சுரக்காத இளந்தாயைக் குத்திப் பேசும் பெரியவர்கள் நம் வீடுகளில் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் அவ்வசனத்தை முழுமையாக ஓதிப் பார்ப்பது நல்லது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் ஹதீஸ் ஒன்றும் இங்கு நினைக்கத் தக்கது. பாலூட்டும் காலத்தில் கணவன் மனைவியோடு கூடினால் பாற்குழந்தைக்குக் கேடு விளையும் என்ற அச்சம் அரபியரிடையே இருந்தது. அதனைத் தடுத்துவிட எண்ணியிருந்ததாகவும், ரோமரும் பாரசீகரும் அவ்வாறு செய்தும் அவர்தம் பிள்ளைகளுக்குத் தீங்கு நேராததை அறிந்து அவ்வெண்ணத்தைக் கைவிட்டதாகவும் நாயகம் (ஸல்) கூறியதாக ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். பிற மக்களின் வாழ்வைப் பார்த்து ஓர் அச்சத்தை அளந்தறியும் முறை அது.

இந்த மரபில் வளர்ந்த மருத்துவர்கள் தாய் சேய் நலத்திற்கெனத் தனி நூல்களே இயற்றினர். கி.பி. பத்தாம் நூற்றாண்டில் குர்துபாவில் அரீப் இப்னு சஅதும், எகிப்தில் அல்-பலதீயும் கருவுற்ற மகளிரையும் குழந்தைகளையும் பேணும் முறை பற்றி எழுதினர். கி.பி. 1025-ஐ ஒட்டி நிறைவுற்ற ‘அல்-கானூன்’ நூலில் இப்னு சீனா, தாய்ப்பாலே குழவிக்கு ஏற்றது, பாலூட்டலின் இயல்பான காலம் ஈராண்டு என்று குறித்தார். பால் என்பது தாயின் உதிரமே உருமாறி வருவது என்பது அக்காலத்தார் கொள்கை. அக்கொள்கை இன்று நிலைக்கவில்லை. இந்நூல்களில் நம் கருத்தை ஈர்ப்பது வேறொன்று. தாய் எதை உண்ண வேண்டும், எதை விலக்க வேண்டும், எப்படி நடக்க வேண்டும் என்ற விதிகள் யாவும் பெரும்பாலும் பாலின் தூய்மைக்காகவே, அதாவது பிள்ளைக்காகவே வகுக்கப்பட்டன. பிள்ளை பால் மறந்து ஓடியாடத் தொடங்கிய பின் தாயின் உடல் என்னாயிற்று என்ற வினா எழவில்லை. ஐரோப்பியரும் நெடுங்காலம் அதனை எழுப்பவில்லை.

அவ்வினாவின் வரலாறு பெர்லின் நகரில் தொடங்குகிறது. ஐந்தாம் முறையாகக் கருவுற்ற 22 வயதுப் பெண்ணொருத்தி, அடங்காத தாகத்தோடு அந்நகர மருத்துவமனைக்கு வந்தாள். அவளுடைய சிறுநீரில் சர்க்கரை இருந்தது. பிறந்த குழந்தை 12 பவுண்டு எடை, பேற்றின்போதே இறந்துவிட்டது. பிறகு சில நாட்களில் தாயின் நீரிழிவு தானாகவே மறைந்தது. இதனை பென்னவிட்ஸ் என்னும் இளம் மருத்துவர் 1824-இல் தம் பட்ட ஆய்வேடாக லத்தீனில் எழுதினார். நீரிழிவைக் கருப்பத்தின் ஓர் அறிகுறி என்றே அவர் கருதினார். கருப்பம் போனது, நோயும் போனது என்பது அவர் முடிவு.

போனது திரும்பி வரும் என்று கண்டவர் மேத்யூஸ் டங்கன். கருப்பக் காலத்தில் மட்டும் தோன்றி, பேற்றோடு மறைந்து, சில காலம் கழித்து மீண்டும் தலைகாட்டும் நீரிழிவு உண்டு என்று அவர் 1882-இல் லண்டனில் எடுத்துரைத்தார். அதற்குச் சற்று முன், 1877-இல், ஹோப்மைஸ்டர் என்னும் வேதியியலறிஞர் பாலூட்டும் பெண்களின் சிறுநீரில் சில வேளை காணப்படும் சர்க்கரை பாற்சர்க்கரையே என்று நிறுவியிருந்தார். இன்றேல், பால் கட்டிய தாய்மார் பலர் நீரிழிவு நோயினர் என்று வீணே முத்திரை குத்தப்பட்டிருப்பர்.

1921-இல் டொரண்டோவில் இன்சுலின் கண்டறியப்பட்டது. அதற்கு முன் நீரிழிவுள்ள பெண் கருவுறுதலே அரிது. கருவுற்றால் தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்து. இன்சுலினால் அந்நிலை மாறவே, மருத்துவர் கவனம் முழுதும் குழந்தையைக் காப்பதில் சென்றது. 1964-இல்தான் பாஸ்டனில் ஓசல்லிவன், மகான் என்னும் இருவர் நாம் தேடும் வினாவை நேராகக் கேட்டனர். 752 கருப்பிணிகளுக்குச் சர்க்கரை நீர் பருகக் கொடுத்து இரத்தத்தைச் சோதித்து அளவுகளை வகுத்தனர். அவ்வளவுகள் சரிதாமா என்று பார்க்க அவர்கள் எடுத்துக்கொண்ட உரைகல் குழந்தையன்று. அத்தகைய தாய்மாரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து, எவரெவர்க்குப் பின்னாளில் நீரிழிவு வந்தது என்று கண்டனர். பல ஆய்வுகளைத் தொகுத்து 2009-இல் லான்செட் இதழில் வந்த கட்டுரை, கருப்பக் காலத்தில் சர்க்கரை ஏறியவர்க்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு ஏனையோரைவிட ஏழு மடங்குக்குக் குறையாது என்று கணித்தது.

இதன் காரணம் எளிதில் விளங்கக் கூடியதே. கரு வளர வளர, நஞ்சுக்கொடியிலிருந்து வரும் ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலினின் வேலையை மட்டுப்படுத்துகின்றன. பிள்ளைக்குச் சர்க்கரை தடையின்றிச் செல்ல இறைவன் வகுத்த ஏற்பாடு அது. பெரும்பாலான பெண்களின் கணையம் கூடுதல் இன்சுலின் சுரந்து ஈடுகொடுத்துவிடும். ஈடுகொடுக்க இயலாதவளுக்கே சர்க்கரை ஏறுகிறது. ஆகவே கருப்பம் என்பது கணையத்தின் வலிமையைக் காட்டும் ஒரு தேர்வு. அத்தோடு, பாலூட்டலுக்கு முன்னேற்பாடாக உடல் கொழுப்பையும் சேமிக்கிறது. பாலூட்டும் தாய் நாளொன்றுக்கு முக்கால் லிட்டர் பால் தருவாளாயின், அதில் ஏறத்தாழ 50 கிராம் பாற்சர்க்கரை உண்டு. அது அவள் இரத்தத்திலுள்ள குளுக்கோசிலிருந்தே ஆக்கப்படுகிறது. இன்சுலினை எதிர்பாராமலே மார்பு அதனை எடுத்துக்கொள்கிறது. நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி இவ்வகையில் செலவாகிறது. கருப்பம் ஏற்றி வைத்த சுமையைப் பால் இறக்கி வைக்கிறது என்று கொள்ளலாம்.

இது வெறும் ஊகமன்று. அமெரிக்காவில் 1976-இல் செவிலியரைக் கொண்டு தொடங்கிய பேராய்விலிருந்து 2005-இல் வெளிவந்த முடிவு, பாலூட்டிய ஒவ்வோர் ஆண்டுக்கும் நீரிழிவு வாய்ப்பு 15 விழுக்காடு குறைந்தது என்றது. உடனே ஒரு தடை எழுந்தது. உடற்பருமனும் இன்சுலின் குறையும் உள்ள பெண்களுக்குப் பால் தாமதித்தே சுரக்கும். ஆகவே நோய்க்கு முந்திய நிலையே பாலைக் குறைத்திருக்கலாமே, பாலின் குறைவால் நோய் வந்ததென்று எப்படிச் சொல்வது என்றனர். நியாயமான தடைதான். 1985-இல் தொடங்கிய மற்றோர் ஆய்வில் பெண்களின் சர்க்கரை அளவு கருவுறுமுன்னரே எடுத்து வைக்கப்பட்டிருந்தது. அவர்களுள் 1238 பேரை முப்பதாண்டு தொடர்ந்து பார்த்து 2018-இல் வெளியிட்டனர். அவ்வளவையும் கணக்கில் கொண்ட பின்னரும், பேறுகள் அனைத்தையும் சேர்த்து ஆறு மாதமோ அதற்கு மேலோ பாலூட்டியவர்களிடம், அறவே ஊட்டாதவர்களைவிட நீரிழிவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தே இருந்தது. தடை முற்றிலும் நீங்கிவிட்டது என்று சொல்லோம்; பெரிதும் வலுவிழந்தது.

மதீனாவில் தாயை விரையச் செய்தது உதவித்தொகை. பின்னாளில் அவ்வேலையைத் தகரப்பால் வாணிகம் மேற்கொண்டது. சிங்கப்பூரில் பணிபுரிந்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார் 1939-இல் அங்கே ஆற்றிய உரையில், இனிப்பூட்டிய தகரப்பாலைக் குழந்தைகளுக்கு ஏற்றதென விற்பது கொலைக்கு ஒப்பாகும் என்று துணிந்து சாடினார். நம்மவர் பலர் பிழைக்கச் சென்று குடியேறிய ஊரல்லவா அது! இத்தகைய விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் நெறிமுறையை உலக சுகாதார நிறுவனம் ஏற்றது 1981-இல். இந்தியாவில் சட்டம் வந்தது 1992-இல்.

நீரிழிவு மலிந்த நம் நாட்டில், கருப்பக் காலச் சர்க்கரையை அனைவரிடமும் தேட வேண்டும் என்று சென்னையில் டாக்டர் வீ. சேஷையா நெடுங்காலம் வலியுறுத்தி வந்தார். வெறும் வயிற்றோடு காத்திருக்க வேண்டாத எளிய சோதனை ஒன்றையும் அவரும் அவரைச் சார்ந்தோரும் பரப்பினர்: 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீர், இரண்டு மணி நேரம் கழித்து ஒரு சோதனை, 140 மில்லிகிராமுக்கு எட்டினால் சிகிச்சை. தமிழக அரசு 2007-இல் கருப்பிணிகள் எல்லார்க்கும் இச்சோதனை வேண்டும் என்று ஆணையிட்டது.

ஆனால் பேறுகாலத்திற்குப் பின்? சர்க்கரை ஏறியிருந்த தாய்க்கு ஆறாம் வாரத்தில் அதே சோதனையை மறுபடியும் செய்ய வேண்டும் என்பது விதி. பிள்ளை நலமாகப் பிறந்ததும் அவ்விதி வீட்டில் எவர் நினைவிலும் நிற்பதில்லை. கருப்பட்டியும் நெய்யும் சேர்த்துக் கிளறிய பேறுகால மருந்து நாள்தோறும் உள்ளே போகிறது. பிள்ளை பெற்றவள் நடமாடக் கூடாதென்று பாயிலேயே இருத்தப்படுகிறாள். ரமலான் வந்தால், நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்ய மார்க்கம் பாலூட்டுபவளுக்குத் தந்த சலுகையை ஏற்கக் கூச்சப்படுகிறாள். பிள்ளைக்காக அஞ்சி விட்டால் களாவோடு பித்யாவும் உண்டென்பது ஷாபிஈ மத்ஹபு. ஹனபியில் களா மட்டுமே. இரண்டிலும் சலுகை சலுகைதான்.

ஆறாம் வாரம் என்பது நாற்பத்திரண்டு நாள். நம் வீடுகளில் நாற்பது எண்ணிக் காத்திருந்து, தாயைக் குளிப்பாட்டிப் புத்தாடை உடுத்தி, உறவினரை அழைத்து விருந்து வைக்கிறோம். விருந்து முடிந்த இரண்டாம் நாள் காலையில் அவளை அழைத்துச் சென்றால் இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிடலாம். பாலூட்டுவதை அதற்காக நிறுத்த வேண்டியதில்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் அச்சோதனைக்குக் கட்டணமும் கிடையாது.