ஓசையில்லாப் படகு யாருக்கு?

மின்சாரப் படகைச் சூழலியல் காலத்தின் புதுக் கண்டுபிடிப்பாக விற்கிறார்கள். புகையில்லை, இரைச்சலில்லை, ஆற்றை ஆறாகவே அனுபவிக்கலாம் என்கிறார்கள். பொய்யல்ல, ஆனால் புதிதுமல்ல. பெற்றோல் எஞ்சின் பிறக்கும் முன்னரே மின்படகு பிறந்துவிட்டது. அது ஏன் தோற்றது, தோற்ற பின்னரும் எங்கே பிழைத்துக் கிடந்தது என்பதுதான் நாம் விவாதிக்க வேண்டிய விடயம்.

1838இல் சென். பீற்றேர்ஸ்பேர்க்கின் நேவா ஆற்றில், ஜேர்மனியரான மோரிற்ஸ் ஜேக்கோபி ஜார் அரசின் பணத்தில் ஒரு படகைப் பற்றரியால் ஓட்டிக் காட்டினார். அந்தப் பற்றரியில் துத்தநாகம் கரையக் கரையத்தான் மின்சாரம் வரும். கரைந்து முடிந்தால் புதுத் தகடு போடவேண்டும். நிலக்கரியோடு அது போட்டிபோட முடியவில்லை. 1881இல் பாரிஸில், செய்ன் நதியில், குஸ்தாவ் த்ரூவே கழற்றி எடுக்கக்கூடிய மின்மோட்டாரைச் சுக்கானோடு பொருத்தி வள்ளம் ஓட்டினார். இன்று படகின் பின்புறம் மாட்டப்படும் மோட்டார்களுக்கெல்லாம் அதுவே மூதாதை.

ஆனால் மின்படகு ஒரு தொழிலாக வளர்ந்தது தேம்ஸ் நதியில்தான். 1880களின் இறுதியில் மோரிற்ஸ் இம்மிஷ் என்ற பொறியியலாளரின் நிறுவனம் அங்கே உல்லாசப் படகுகளை வாடகைக்கு விட்டது. 1888இல் ஓடத் தொடங்கிய பெரிய படகின் பெயர் 'வைகவுண்டெஸ் பெரி'. ஏறியவர்கள் யாரென்று பெயரே சொல்லிவிடுகிறது. இந்தப் படகுகளுக்கு மின்னேற்ற ஆற்றில் மிதக்கும் நிலையங்கள் இருந்தன. அவற்றில் டைனமோவைச் சுழற்றியது நீராவி எஞ்சின், எரிந்தது நிலக்கரி. சீமாட்டியின் குடையில் கரி படியவில்லை. கரி, கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளிப் போட்டவனின் முகத்தில் படிந்தது. புகை ஒழியவில்லை, இடம் மாறியது. இன்று பசுமை பேசுவோர் தமது மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தயங்கும்போது எனக்கு இந்த மிதவைகளே நினைவுக்கு வருகின்றன.

1893இல் சிக்காகோ உலகக் கண்காட்சியின் நீர்நிலைகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மின்படகுகள் பத்து இலட்சத்துக்கும் அதிகமானோரை ஏற்றியிறக்கின. பிறகு பெற்றோல் வந்தது. ஒரு தகரம் பெற்றோலைத் தூக்கிக்கொண்டு எங்கும் போகலாம். ஈயப் பற்றரியோ பெரும் பாரம். மின்னேற்று நிலையத்தைவிட்டு அதிக தூரம் போகவும் விடாது.

பிழைத்த இடங்களில் ஒன்று பவேரியாவின் கோனிக்ஸ்ஸே ஏரி. 1909 முதல் அங்கே மின்படகுகள் ஓடுகின்றன. எஞ்சின் சத்தம் வேட்டை விலங்குகளை வெருட்டிவிடும் என்று அரசப் பிரதிநிதி லுயிற்பொல்ட் அஞ்சியதே காரணம் என்பர். ஆக, அந்த ஏரியின் அமைதி முதலில் துப்பாக்கிக்காகக் காக்கப்பட்ட அமைதி.

இந்த வரலாற்றில் ஒரு திருப்பம் நமக்குப் பழக்கமான ஊரில் நிகழ்ந்தது. 1924இல் தெருவில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் நடந்த, பெரியார் சிறைசென்ற அதே வைக்கத்தில், 2017இல் கேரள அரசு நீர்ப்போக்குவரத்துத் துறையின் 'ஆதித்யா' சேவைக்கு வந்தது. கூரையில் சூரியத் தகடுகள், 75 பேருக்கு இருக்கை. 2020இல் மின்படகுகளுக்கான சர்வதேச விருது அதற்குக் கிடைத்தது. விருதின் பெயர் குஸ்தாவ் த்ரூவே. அதில் ஏறுவோர் ஆற்றை ரசிக்க வந்தவர்களல்லர், அக்கரையில் வேலையுள்ளவர்கள். அதே வேம்பநாட்டுக் காயலில் ரசிக்க வருகிறவர்களை ஏற்றும் வீட்டுப்படகுகளில் பெரும்பாலானவை டீசலில் ஓடுகின்றன.