திருத்தணி: வேலையும் குடியிருப்பும்

திருத்தணி, திருவள்ளூர் மாவட்டத்தில் ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்துள்ள நகராட்சி. முருகனின் அறுபடை வீடுகளில் ஐந்தாவதான மலைக்கோயிலால் அறியப்படுவது. சென்னையிலிருந்து ஏறக்குறைய 85 கி.மீ. தொலைவிலும், திருப்பதியிலிருந்து ஏறக்குறைய 65 கி.மீ. தொலைவிலும் உள்ளது. சென்னையிலும் அதன் புறநகர்த் தொழிற்சாலைகளிலும் வேலை பார்த்துக்கொண்டு, செலவு குறைந்த ஊரில் குடும்பம் நடத்துவோரின் ஊராகவும் இது இருந்து வருகிறது. இருப்புப்பாதை, மாநில எல்லை, தொழிற்சாலைகள் ஆகிய மூன்றும் அடுத்தடுத்து இந்நிலையை உருவாக்கின.

ஜமீன் காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருத்தணி, கார்வேட்டிநகர் ஜமீனைச் சேர்ந்த ஊராக இருந்தது. உழவு, நெசவு, கோயிலைச் சார்ந்த வணிகம் ஆகியவையே பெரும்பாலோரின் பிழைப்பு. படித்தவர்களுக்குக் கிடைத்த வேலை வருவாய்க் கணக்கு சார்ந்தது.

இந்தியாவின் இரண்டாம் குடியரசுத் தலைவரான சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888 செப்டம்பர் 5 அன்று பிறந்தது இவ்வூரில்தான். குடும்பப் பெயரில் உள்ள சர்வபள்ளி, நெல்லூர்ப் பகுதியைச் சேர்ந்த ஊர். தந்தை ஜமீனில் சிறிய வருவாய்ப் பணியில் இருந்தார். தொடக்கக் கல்வியைத் திருத்தணியில் பெற்ற ராதாகிருஷ்ணன், மேற்கொண்டு படிக்கத் திருப்பதி, வேலூர், சென்னை என்று ஊர் ஊராகச் செல்ல நேர்ந்தது. அன்றைய திருத்தணி ஒரு சிறிய சம்பளத்தில் குடும்பம் நடத்தப் போதுமான ஊர். ஆனால் அடுத்த தலைமுறை முன்னேற வெளியே போகவேண்டிய ஊர்.

இருப்புப்பாதை

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து அரக்கோணம் வழியாக வாலாஜா ரோடு வரை ஓடியது. அரக்கோணத்தில் பிரிந்து திருத்தணி, ரேணிகுண்டா வழியாகச் சென்ற வடமேற்குப் பாதை 1871-இல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையுடன் இணைந்தது. திருத்தணி இவ்வாறு சென்னை - பம்பாய்ப் பெரும்பாதையில் ஒரு நிலையமாயிற்று. தொடக்கத்தில் இப்பாதையால் பயன்பெற்றோர் ஆடிக் கிருத்திகைக்கு வந்த பக்தர்களும் சரக்கு அனுப்பிய வணிகர்களுமே. நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்பும் பயணம் பின்னாளில் வந்தது.

எல்லை மாற்றம்

1911-இல் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டபோது திருத்தணி அதில் சேர்ந்தது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் மாவட்டத்துடன் திருத்தணியும் அங்கு சென்றது. தமிழரசுக் கழகத்தின் தலைவர் ம. பொ. சிவஞானம் வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்தினார். இப்பகுதியில் தமிழ் கற்பித்து வந்த ஆசிரியர் மங்கலங்கிழார் அதற்கு உள்ளூரில் அடித்தளம் அமைத்தவர்களுள் ஒருவர்.

இப்போராட்டம் மொழிப்பற்றின் வரலாறாகவே பெரும்பாலும் எழுதப்படுகிறது. ஆனால் பிள்ளைகள் எந்த மொழியில் படிப்பது, மனுவை எந்த மொழியில் எழுதுவது, எந்த மாநில அரசின் வேலைக்கு விண்ணப்பிப்பது என்னும் கேள்விகளும் அதில் அடங்கியிருந்தன. எல்லைக்கோடு ஒவ்வொரு வீட்டின் வருங்காலத்தையும் தொட்டது.

எச். வி. படாஸ்கரின் பரிந்துரைகளைத் தழுவி 1959-இல் எல்லை மாற்றச் சட்டம் இயற்றப்பட்டது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தின் செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. ஈடாகச் சத்தியவேடு உள்ளிட்ட பகுதிகள் ஆந்திரத்துக்குச் சென்றன. 1997-இல் திருவள்ளூர் தனி மாவட்டமானபோது திருத்தணி அதன் பகுதியாயிற்று. தெலுங்கு பேசும் குடும்பங்கள் திருத்தணி, பள்ளிப்பட்டு வட்டாரங்களில் இன்றும் வாழ்கின்றன.

பாதையோரத் தொழிற்சாலைகள்

எல்லை மாறிய அதே காலத்தில் சென்னைக்குச் செல்லும் இருப்புப்பாதையின் ஓரமாகத் தொழிற்சாலைகள் எழுந்தன. பெரம்பூரில் ரயில்பெட்டித் தொழிற்சாலை 1955-இல் தொடங்கப்பட்டது. ஆவடியில் 1961-இல் நிறுவப்பட்ட கனரக ஊர்தித் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா பீரங்கி வண்டி 1965-இல் வெளிவந்தது. 1960-களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை வளர்ந்தது. மூன்றும் அரக்கோணம் - சென்னைப் பாதையில் இருப்பவை. இத்துடன் அரக்கோணத்தின் ரயில்வே பணிமனைகளும், பின்னர் 1992-இல் அங்கு அமைந்த ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானத் தளமும் சேர்ந்துகொண்டன.

பாதை மின்மயமாகிப் புறநகர் ரயில்கள் திருத்தணி வரை ஓடத் தொடங்கியபின், சீசன் டிக்கெட் ஒன்றிருந்தால் சொந்த ஊரில் இருந்தபடியே நகரத்துச் சம்பளம் பெற முடிந்தது. உலகின் பிற நகரங்களிலும் இதுவே நடந்தது. பிரிட்டனில் 1883-ஆம் ஆண்டின் மலிவு ரயில் சட்டம் தொழிலாளர்களுக்குக் குறைந்த கட்டண வண்டிகளை விடச்செய்தது. லண்டனின் புறநகர்கள் பெருகியதற்கு அத்தகைய வண்டிகளும் ஒரு காரணம்.

தறி ஊர்கள்

திருத்தணியைச் சுற்றியுள்ள பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், பள்ளிப்பட்டு ஆகியவை நெசவு ஊர்கள். இங்கு வீடும் வேலையிடமும் ஒன்றே. பயணச் செலவில்லை, கணவனும் மனைவியும் சேர்ந்து உழைக்கலாம். ஆனால் கூலி, நெய்த அளவைப் பொறுத்தது. நூல் விலை ஏறினாலும் துணி தேங்கினாலும் வீட்டின் வருமானம் உடனே குறையும். இக்குடும்பங்களின் அடுத்த தலைமுறையில் பலர் மாதச் சம்பளத்தைத் தேடித் தறியைவிட்டு வெளியேறியதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

கம்பெனிப் பேருந்துக் காலம்

ஹூண்டாய் நிறுவனத்தின் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து 1998-இல் கார்கள் வெளிவந்தன. அதைத் தொடர்ந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் ஆலைகள் பெருகின. இவை ரயில்பாதையில் இல்லை. எனவே, ஷிப்டு நேரத்துக்கு ஏற்ப ஊர்களுக்குள் வந்து ஆள் ஏற்றிச்செல்லும் கம்பெனிப் பேருந்துகள் புதிய வழியாயின. வாசலுக்கு அருகே வண்டி வந்ததால் பெண்களும் பெருமளவில் வேலைக்குச் சென்றனர்.

ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. உச்சக் காலத்தில் ஏறக்குறைய 8,000 பேர் அங்கு நேரடியாகப் பணியாற்றினர், பெரும்பாலோர் இளம்பெண்கள். ஒரே ஆலையை நம்பித் திருமணம், வீட்டுக்கடன், தம்பி தங்கையர் படிப்பு என்று திட்டமிட்டிருந்த குடும்பங்கள் நிலைகுலைந்தன.

மறுபுறம், 1960-இல் ஆந்திரத்துக்குச் சென்ற சத்தியவேடு பகுதியில் இன்று ஸ்ரீசிட்டி தொழில்நகரம் உள்ளது. எல்லைக்கு அப்பாலுள்ள அதன் ஆலைகளுக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் தொழிலாளர்கள் சென்று வருகின்றனர்.

குறைந்த வாடகையின் விலை

சென்னையில் பல மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்தே வீடு பிடிக்க வேண்டியுள்ளது. திருத்தணியில் வாடகையும் முன்பணமும் குறைவு. சிறிய மனை வாங்கும் வாய்ப்பும் உண்டு. பள்ளிகளும் அரசு கலைக் கல்லூரியும் உள்ளூரிலேயே உள்ளன. ஆனால் சென்னை சென்ட்ரலுக்குப் புறநகர் ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரமாகும். மாதம் 25 நாட்கள் சென்றுவந்தால் 100 மணி நேரம் பயணத்திலேயே கழியும். விடியுமுன் கிளம்பி இரவில் திரும்பும் பெற்றோர், தூங்கும் பிள்ளையைத்தான் பார்க்க முடியும். கணவன் மனைவி இருவரும் வேலைக்குச் சென்றால், உடன் வாழும் தாத்தா பாட்டியின் உதவி இன்றி இவ்வாழ்க்கை நடப்பது கடினம். வாடகையில் மிஞ்சும் பணத்துக்கு ஈடாகக் குடும்பம் கொடுப்பது இந்த நேரத்தை.

ஜமீனை நம்பிய ஊர் ஜமீனோடு தளர்ந்திருக்கும். ஒரே ஆலையை நம்பிய ஊர் ஆலையோடு வீழ்ந்திருக்கும். திருத்தணி நிலைத்ததற்குக் காரணம், ஒரு வேலை போனால் அடுத்த வேலைக்குச் செல்ல ரயிலும் நெடுஞ்சாலையும் இருந்தமையே. குடும்பம் தொடங்க ஊர் தேடுவோர் வாடகையோடு, அங்கிருந்து எத்தனை வேலையிடங்களுக்கு வழி உண்டு என்பதையும், அவ்வழியில் எத்தனை மணி நேரம் கழியும் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்பதை இவ்வூரின் வரலாறு காட்டுகிறது.