ஒரே மேஜையில் இரண்டு பேர்: ஹைப்பர் த்ரெடிங்கை அணைத்த கதை

முதலாண்டு அக்கவுண்டன்சியில் கன்சர்வேட்டிசம் என்று ஒரு மரபு வரும். வரப்போகும் லாபத்தை வருவதற்கு முன் புத்தகத்தில் எழுதக்கூடாது; வரக்கூடிய நஷ்டத்துக்கு மட்டும் இப்போதே ஒதுக்கீடு செய்துவிட வேண்டும். பி.காம். மாணவர்களுக்கு இது இரண்டு மார்க் கேள்வி, அவ்வளவுதான். ஆனால் கம்ப்யூட்டர் உலகில் இந்த மரபை யார் பின்பற்றினார்கள், யார் பின்பற்றவில்லை என்று பார்த்தால் ஒரு நல்ல கதை கிடைக்கிறது. அதுதான் ஹைப்பர் த்ரெடிங் கதை.

2002-ல் இன்டெல் இதை முதலில் சர்வர்களுக்கான ஸியான் ப்ராசசரில் கொண்டுவந்தது. அதே ஆண்டு நவம்பரில் 3.06 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 மூலம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் வந்தது. உள்ளே இருப்பது ஒரே கோர். ஆனால் இயங்குதளத்தின் கண்ணுக்கு அது இரண்டாகத் தெரியும். ஒரு வேலை மெமரியிலிருந்து தகவல் வரக் காத்திருக்கும் நேரத்தில், சும்மா கிடக்கும் பாகங்களை இன்னொரு வேலை பயன்படுத்திக்கொள்ளும். சிப்பின் அளவு 5 சதவீதத்துக்கும் குறைவாகவே கூடும், சில சர்வர் வேலைகளில் 30 சதவீதம் வரை வேகம் கிடைக்கும் என்று இன்டெல் பொறியாளர்கள் அப்போது எழுதினார்கள். 5 கொடுத்து 30 வாங்கலாம் என்றால் எந்த வியாபாரி வேண்டாம் என்பார்?

சரி, இதில் என்ன ஆபத்து? கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு சின்ன ஆபீஸை நினைத்துக்கொள்ளுங்கள். இடம் பற்றாததால் ஒரே மேஜையில் இரண்டு அக்கவுண்டன்ட்கள். வேறு வேறு கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறார்கள். ஒருவர் ஃபைலை மற்றவர் தொடவே கூடாது. ஆனால் பக்கத்தில் இருக்கும் அலமாரி இருவருக்கும் பொது. சம்பளம், கொள்முதல், வரி என்று எந்த வகைக்கு எந்தத் தட்டு என்பதும் முன்பே முடிவானது. தட்டு நிரம்பினால் பழைய ஃபைல் குடோனுக்குப் போய்விடும்.

இரண்டாமவர் எல்லாத் தட்டையும் தன் ஃபைல்களால் நிரப்பிவிட்டுக் காத்திருக்கிறார். பிறகு ஒவ்வொன்றாகத் தன் ஃபைலையே கேட்கிறார். மற்றவை சட்டென்று கைக்கு வருகின்றன. ஒன்று மட்டும் குடோனிலிருந்து வர நேரமாகிறது. அது இருந்தது சம்பளத் தட்டு. ஆக, முதலாமவர் இப்போது சம்பளக் கணக்கைத்தான் எடுத்திருக்கிறார்! அடுத்தவர் ஃபைலைத் திறக்கவில்லை, பூட்டை உடைக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

அந்த அலமாரிதான் ப்ராசசருக்குள் இருக்கும் கேஷ் மெமரி. 2005 மே 13 அன்று கனடாவின் ஒட்டாவா நகரில் நடந்த பிஎஸ்டிகான் மாநாட்டில் காலின் பெர்சிவல் இதைத்தான் செய்துகாட்டினார். ஒரே கோரில் பக்கத்தில் ஓடிய உளவு ப்ரோகிராம், ஓப்பன்எஸ்எஸ்எல் பயன்படுத்திய ரகசிய ஆர்எஸ்ஏ சாவியில் பாதிக்கும் மேற்பட்ட பிட்களைப் படித்துவிட்டது. மீதியைக் கணக்குப் போட்டு எடுக்க அதுவே போதும்.

பெர்சிவல் பங்களித்துவந்த ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் அன்றே எச்சரிக்கை வெளியிட்டு, ஹைப்பர் த்ரெடிங்கை அணைத்த நிலையையே இயல்பாக்கியது. வேண்டுமென்றால் நீங்களே இயக்கிக்கொள்ளலாம். இன்டெலோ இது பெரிய ஆபத்தில்லை என்றது. நிஜ உலகில் இப்படித் திருட முடியுமா என்று லினக்ஸின் லினஸ் டோர்வால்ட்ஸும் சந்தேகப்பட்டார். ஓப்பன்எஸ்எஸ்எல் தன் பக்க ஓட்டையை அடைத்தது. விஷயம் அடங்கிப்போனது. 2006-ல் கோர் 2 வரிசையில் காணாமல்போன ஹைப்பர் த்ரெடிங், 2008-ல் கோர் ஐ7-உடன் திரும்பி வந்தது. அதன்பின் பல ஆண்டுகள், டெஸ்க்டாப் ஐ5-க்கும் ஐ7-க்கும் இருந்த முக்கியமான வித்தியாசங்களில் ஒன்றே இதுதான். அதாவது, ஜனங்கள் கூடுதல் காசு கொடுத்து இதை வாங்கினார்கள்.

பதிமூன்று ஆண்டு கழித்துப் பில் வந்தது. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் ஓட்டைகள் வெளியாயின. அந்த ஜூன் 19 அன்று ஓப்பன்பிஎஸ்டி குழுவின் மார்க் கெட்டெனிஸ், இன்டெல் ப்ராசசர்களில் ஹைப்பர் த்ரெடிங்கை அணைக்கும் மாற்றத்தைச் சேர்த்தார். கேஷையும் முகவரிப் பட்டியலையும் இருவர் பகிர்ந்தால் இப்படிப்பட்ட தாக்குதல் சுலபமாகும் என்று பலமாகச் சந்தேகிக்கிறோம் என்பதே அவர் சொன்ன காரணம். கவனியுங்கள், சந்தேகம்தான். ஆம்ஸ்டர்டாம் விரிய பல்கலைக்கழக ஆய்வாளர்களின் டிஎல்பிளீட் தாக்குதல் பற்றிய செய்தி வந்ததே சில நாள் கழித்துத்தான். முழு விவரம் ஆகஸ்டில் வந்தது. நஷ்டம் நிரூபணமாகும்வரை காத்திருக்காமல் ஒதுக்கீடு செய்தார்கள். அக்கவுண்டன்சி படிக்காமலே!

பெரியவர்கள் பின்னால் வந்தார்கள். 2019 மே மாதம் எம்டிஎஸ் ஓட்டைகள் வெளியானபோது, கூகிள் தன் குரோம் ஓஎஸ் 74-ல் ஹைப்பர் த்ரெடிங்கை அணைத்தது. முழுப் பாதுகாப்பு வேண்டுவோர் தாங்களே அணைத்துக்கொள்ளலாம், ஆனால் வேகம் 40 சதவீதம் வரை குறையலாம் என்றது ஆப்பிள். லினக்ஸ் 2021-ல், 5.14 பதிப்பில் ஒரு நடுவழி கண்டது: ஒருவரை ஒருவர் நம்பும் வேலைகளை மட்டும் ஒரே கோரில் உட்காரவைப்பது. 2024-ல் இன்டெலே சில புதிய ப்ராசசர்களில் இதை எடுத்துவிட்டது. அதற்கு அது முன்வைத்த காரணம் மின்சாரச் சிக்கனம்.

நாம் என்ன செய்வது? திருவள்ளூர் பஜாரில் ஒருவர் மட்டும் பில் போடும் கம்ப்யூட்டரில் இதை அணைத்துப் பெரிய லாபமில்லை. அப்டேட்களை ஒழுங்காகப் போட்டாலே போதும். ஆனால் அந்தக் கடையின் கணக்கு வாடகை சர்வரில் இருந்தால், அதே கோரில் பக்கத்து இருக்கையில் யார் என்று கேட்க வேண்டும்.

வரக்கூடிய பொறுப்பை பாலன்ஸ் ஷீட்டின் அடிக்குறிப்பில் கன்டின்ஜென்ட் லயபிலிட்டி என்று காட்டுவது நம் பழக்கம். ப்ராசசரின் விலைப்பட்டியலில் 30 சதவீத லாபம் மட்டும் இருந்தது, 2005-லேயே தெரிந்துவிட்ட பொறுப்பு இல்லை. அடிக்குறிப்பு எழுதாதவர் இன்டெல். நஷ்டத்தைக் கட்டியவர் வாங்கியவர்.