சிரிப்புக்கு ஒரு துயரம் வேண்டுமா?

உடுவிலில் எனக்கொரு நண்பர் உண்டு. ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவரோடு இவ்விடயமாகப் பல்லாண்டுகள் வாதாடியிருக்கிறேன். "தம்பி, ஒருத்தனும் விழாமல், ஏமாறாமல், அவமானப்படாமல் நீர் ஒரு பகிடி சொல்லும் பாப்பம்" என்பது அவரது அறைகூவல். நாற்பது வருடம் பத்திரிகையில் குப்பை கொட்டிய எனக்கு உடனடியாக ஒன்றும் அகப்படுவதில்லை.

அவருக்குப் பக்கபலம் தொல்காப்பியம். நகை பிறக்கும் நிலைக்களன்களாக மெய்ப்பாட்டியல் சொல்லும் நான்கில் எள்ளல், பேதைமை, மடன் ஆகிய மூன்றும் யாரோ ஒருவரின் குறையைச் சார்ந்தவையே. கிரேக்கத்து அரிஸ்டாட்டிலும் ஏறக்குறைய அதையே சொன்னார்: நகைப்புக்குரியது ஒரு பிழை அல்லது அவலட்சணம், ஆனால் அது நோவு தராதது. நான் பற்றிக்கொள்வது தொல்காப்பியரின் நான்காவதை. இளமை. குழந்தையின் மழலைக்கு நாம் சிரிக்கிறோமே, அங்கே யார் விழுந்தார்?

நம்மவர் நகைச்சுவையில் எள்ளலுக்குப் பஞ்சமில்லை. 1960களில் கொழும்பில் 'சிரித்திரன்' தொடங்கிய சுந்தர் என்கிற சிவஞானசுந்தரம், சவாரித்தம்பரையும் சின்னக்குட்டியையும் வரைந்து யாழ்ப்பாணத்துப் போலிப் பெருமைகளைக் கிழித்தார். பின்னாளில் அவ்விதழ் யாழ்ப்பாணத்திலிருந்தும் வெளிவந்தது. குத்தாமல் அவரால் சிரிப்பூட்டியிருக்க முடியாது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கே. எஸ். பாலச்சந்திரனின் 'அண்ணை றைற்'? கரவெட்டியில் பிறந்து 2014இல் ரொறொன்ரோவில் மறைந்த அந்தக் கலைஞர், தனியொருவராக நின்று ஒரு பேருந்தையே மேடைக்குக் கொண்டுவந்தார். வானொலியிலும் ஒலிநாடாவிலும் அது ஊரூராக ஓடியது. நெரிசலில் நின்று சனத்தைச் சமாளிக்கும் கொண்டக்டர், அவ்வளவே கதை. மருதனார்மடம் சந்தியில் பேருந்துக்குக் காத்துநின்ற எவரும் அதிலே தம்மைத்தாமே கண்டு சிரித்தனர். அடையாளம் கண்ட மகிழ்ச்சியே அச்சிரிப்பு என்பேன் நான். "நெரிசல் துன்பமில்லையோ?" என்பார் ஆசிரியர்.

ஒருநாள் அவரே ஒரு சம்பவம் சொன்னார். 1995 அக்டோபர் 30. வலிகாமம் முழுவதும் ஓரிரவில் வெளியேறிய நாள். உடுவில் சனமும் மூட்டை முடிச்சோடு தெருவில் இறங்கியது. நாவற்குழிப் பாலத்தை நோக்கி இலட்சக்கணக்கானோர். மழை, இருட்டு, மணிக்கணக்கில் ஓரடிகூட நகராத சனத்திரள். குழந்தைகள் அழுதுகொண்டிருந்தன. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "முன்னுக்குப் போங்கோ, முன்னுக்குப் போங்கோ... அண்ணை, றைற்!"

சுற்றிநின்ற அத்தனை பேரும் சிரித்துவிட்டார்களாம். சைக்கிள் கரியரில் இருந்த ஒரு கிழவியும் சிரித்தாராம்.

"பாத்தீரே, துன்பமில்லாமல் அந்தச் சிரிப்பு வந்திருக்குமோ?" என்றார். வழக்கில் வென்ற பெருமிதம் அவருக்கு. அந்தச் சிரிப்பு துன்பத்துக்குள்ளே வந்தது, துன்பத்தைப் பார்த்து வரவில்லை. அங்கே எவரும் எவரையும் இளக்காரம் செய்யவில்லையே என்று நான் வாதாடினேன். ஒரே சம்பவம் இருவருக்கும் சாட்சியாகிவிட்டது.

"சத்தம் போட்டது ஆர் மாஸ்டர்?" என்று கேட்டேன்.

"இருட்டுத் தம்பி, தெரியேல்லை. பாலச்சந்திரனிலும் பார்க்க நல்லாத்தான் சொன்னான்" என்றார்.