நொச்சி வேது

மேல்மலையனூர் வட்டாரத்தில் ஏரிக்கரை, வாய்க்கால் ஓரம், கொல்லை வேலி எங்கே பார்த்தாலும் நொச்சி நிற்கும். ஆடு கடிக்காது என்பதால் வேலிக்கு வைப்பார்கள். மிளாறை வெட்டிக் கூடை முடைவார்கள். கோட்டையைக் காத்து நின்ற மறவர்கள் நொச்சிப் பூச்சூடினார்கள் என்கிறது பழைய இலக்கணம். செஞ்சிக் கோட்டையின் அடிவாரத்தில் அந்தச் செடியைப் பார்க்கும்போதெல்லாம் அது என் நினைவுக்கு வரும். ஆனால் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு நொச்சி என்றால் வேது, இலை கொதித்த ஆவியில் உடம்பை வேர்க்கவைப்பது. நான் இந்தப் பக்கத்துத் துணை சுகாதார நிலையங்களில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். பிரஷர் மெஷினோடு ஏறி இறங்கிய வீடுகளிலேயே வேதுப் பானை கொதிப்பதையும் பார்த்திருக்கிறேன்.

மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்கி முடிந்ததும் வேது போடுவார்கள். நாள் முழுக்கக் குனிந்து செடி பிடுங்கியவர்களுக்கு இடுப்பும் முட்டியும் விட்டுப்போயிருக்கும். பிள்ளை பெற்றவளுக்கு இலை போட்டுக் கொதிக்கவைத்த வேது தண்ணி ஊற்றுவது தனி. பெரியவர்களுக்குப் போடுவது கட்டில் வேது. அகன்ற வாய் மண்பானையில் முக்கால் பானைத் தண்ணீர். நொச்சி, தழுதாழை, ஆடாதொடை, வேப்பிலை, கிடைத்தால் தைல மரத்து இலை, இடித்த மஞ்சள், ஒரு பிடி கல்லுப்பு. மூடியைச் சுற்றி ஈரத்துணி கட்டி, வரட்டித் தீயில் கொதிக்கவிடுவார்கள். கயிற்றுக் கட்டிலில் ஆளைப் படுக்கவைத்து, முகம் மட்டும் வெளியே தெரியும்படி கம்பளியைத் தரை வரை இழுத்துவிட்டு, பானையைக் கட்டிலுக்கடியில் தள்ளி, மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பார்கள். கயிற்றுச் சந்து வழியாக ஆவி முதுகில் ஏறும். ஆவி அடங்கினால், அடுப்பில் பழுக்கக் காய்ந்த செங்கல் துண்டை இடுக்கியால் எடுத்துப் பானைக்குள் போடுவார்கள். மறுபடி குப்பென்று கிளம்பும்.

இதில் நான் மிகவும் மதிப்பது பானையை அல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணை. மருமகளாக இருக்கலாம், தெருவில் பேறு பார்க்கும் ஆயாவாக இருக்கலாம். அவள் வாய் ஓயாமல் பேச்சுக் கொடுப்பாள். “மாமா, தல சுத்துதா? மாரு படபடன்னு அடிக்குதா? கண்ணத் தொறந்து சொல்லு.” பதில் குழறினாலோ தாமதித்தாலோ கம்பளியை விலக்கிவிடுவாள். வேர்வை வழிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, உடனே எழுந்திருக்க விடாமல் உட்காரவைத்து, உப்புப் போட்ட நொய்க்கஞ்சி கொடுப்பாள். நர்ஸ் படிப்பில் நாங்கள் படித்ததும் அதேதான்: வேர்த்தவருக்கு நீரும் உப்பும் வேண்டும், படுத்தவர் திடீரென்று எழக்கூடாது.

உடம்பை வேர்க்கவைக்கும் வைத்தியம் நம் நாட்டில் மிகப் பழையது. சரக சம்ஹிதை தீயின் துணையோடு வேர்க்கவைக்கும் முறைகள் 13 சொல்கிறது. அதில் ஒன்றான ஜேந்தாகத்துக்குத் தனி அறையே உண்டு. நடுவில் மண் அடுப்பு, சுற்றிலும் திண்ணை. விறகு எரிந்து புகை அடங்கிய பிறகுதான் ஆள் உள்ளே போக வேண்டும். பின்லாந்துக்காரர்களின் வேர்வைக் குளியல் அறையான பழைய புகை சானாவும் இதே போலத்தான்: எரித்து, புகையை வெளியேற்றி, பிறகு நுழைவது. புத்த பிக்குகளுக்கு வெந்நீராவி அறை வேண்டும் என்று மருத்துவர் ஜீவகர் புத்தரிடம் கேட்டு வாங்கியதாக விநய பிடகம் சொல்கிறது. ஜந்தாகரம் எனப்படும் அப்படிப்பட்ட அறைகளின் இடிபாடுகள் இலங்கையில் அநுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் இருக்கின்றன. மிகிந்தலை மருத்துவமனை இடிபாட்டில், ஆள் படுக்கும் வடிவிலேயே குடைந்த கல் மருந்துத் தொட்டியும் உண்டு.

நம் பக்கத்தில், வாலாஜாபாத் அருகே திருமுக்கூடல் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலையை, அதாவது மருத்துவமனையைப் பதிவு செய்திருக்கிறது. அங்கே இருப்பில் இருந்த மருந்துகளில் பூண்டும் ஆமணக்கும் சேர்ந்த தைலமும் ஒன்று. சித்த மருத்துவம் வேதுவைப் புற மருத்துவம் 32இல் ஒன்றாக வைத்தது. ஒற்றடம், தொக்கணம், பற்று எல்லாம் அதோடு சேர்ந்தவை. 1921இல் சென்னை மாகாண அரசு முகமது உஸ்மான் தலைமையில் நாட்டு வைத்தியம் பற்றி விசாரிக்கக் குழு போட்டது. 1923இல் அறிக்கை வந்தது. 1964இல் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவக் கல்லூரி, 2005இல் தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் என்று படிப்பு வளர்ந்தது. வேது மட்டும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கையிலேயே இருந்தது.

அந்தப் பெண்கள் யாரும் வேது இதயத்துக்கு நல்லது என்று சொன்னதில்லை. வாதம், பிடிப்பு, சளி, அசதி, இவ்வளவுதான். ரத்தக்குழாயின் பேச்சு பின்லாந்திலிருந்து வந்தது. கிழக்குப் பின்லாந்தில் 42 முதல் 60 வயது வரையிலான 2315 ஆண்களை 20 வருடம்போலத் தொடர்ந்து கவனித்து, 2015இல் முடிவை வெளியிட்டார்கள். வாரத்தில் 4 முதல் 7 தடவை சானாவுக்குப் போனவர்களிடம், ஒரே தடவை போனவர்களைவிட, இதயம் திடீரென்று நின்று சாவது 63 சதவீதம் குறைவாக இருந்தது. 2018இல் வந்த இன்னொரு ஆய்வில் 102 பேரை 30 நிமிடம் சானாவில் உட்காரவைத்து முன்னும் பின்னும் அளந்தார்கள். மேல் பிரஷர் சராசரி 137இலிருந்து 130க்கு இறங்கியது. ரத்தக்குழாயின் விறைப்பும் குறைந்தது.

காரணம் புரியாத விஷயமல்ல. சூடு பட்டால் தோலுக்கு அடியில் இருக்கும் குழாய்கள் விரிகின்றன. இதயம் வேக நடை போடுகிறவருக்குத் துடிப்பதுபோலத் துடிக்கிறது. வேகமாக ஓடும் ரத்தம் குழாயின் உள்சுவரை உரச, அந்தச் சுவர் நைட்ரிக் ஆக்சைடை விடுகிறது, குழாய் தளர்கிறது. வயதாக ஆக விறைத்துப்போகிற குழாய்க்கு அந்தத் தளர்ச்சி தேவைதான். ஜப்பானில் ககோஷிமா பல்கலைக்கழகத்து சுவா தேய், இதய நோயாளிகளுக்கென்றே மென்மையான முறையை உருவாக்கினார்: 60 டிகிரி அறையில் 15 நிமிடம், பிறகு போர்வை சுற்றி 30 நிமிடம் ஓய்வு, கடைசியில் இழந்த வேர்வைக்கு ஈடாகத் தண்ணீர். எங்கள் கம்பளியும் கஞ்சியும் அங்கேயும் இருப்பதைப் படித்தபோது மனம் நிறைந்துவிட்டது.

ஆனால் இதை நம்பி யாரும் மாத்திரையை நிறுத்தக்கூடாது. பின்லாந்துக்காரர்கள் பிறந்ததிலிருந்து சானா பழகியவர்கள். உடம்பில் தெம்பு உள்ளவர்தான் வாரம் 7 நாளும் போவார் என்பதும் கணக்கில் வரவேண்டும். 2023இல் கனடாவில், இதயக்குழாய் அடைப்பு உள்ளவர்களை 8 வாரம் சானாவில் பழக்கிப் பார்த்ததில் குழாயின் வேலைத்திறன் மேம்படவில்லை. தவிர, சானாவின் காற்று வறண்டது, வேர்வை உடனே காய்ந்து உடம்பைக் குளிர்விக்கும். கம்பளிக்குள் ஈர ஆவியில் வேர்வை காயாது. உடம்புச் சூடு சீக்கிரம் ஏறும்.

மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலின் அமாவாசை ஊஞ்சல் இரவுகளில், கூட்ட வெக்கையில் நின்று மயங்கி விழும் வயதானவர்களை மருத்துவ முகாமில் பார்த்திருக்கிறேன். கேட்டால் பாதிப் பேர் பிரஷர் மாத்திரை போடுகிறவர்கள். பல பிரஷர் மாத்திரைகள் குழாயை விரிக்கின்றன, வெக்கையும் விரிக்கிறது, தண்ணீரும் குடிக்கவில்லை. ரத்தம் தலைக்கு ஏறாது. வேதுவிலும் அதே ஆபத்து உண்டு. சர்க்கரை நோய் இன்னொன்று. கால் மரத்துப்போன ஒரு தாத்தா, பானையில் பாதம் ஒட்டியிருந்ததே தெரியாமல் வேது பிடித்தார். கொப்புளத்தை நான்தான் சுத்தம் செய்தேன். “சுடலையேம்மா” என்றார், அந்த வார்த்தைதான் எனக்குப் பயமாக இருந்தது. அந்தக் காலத்து ஆயாக்களுக்கு இப்படி மரத்த கால்களைப் பார்த்துப் பழக்கமில்லை; நாற்பதில் சர்க்கரை, ஐம்பதில் பிரஷர் என்பது இப்போதைய கதை.

கொரோனாவில் வேது வேறு விதமாகத் திரும்பி வந்தது. குக்கரில் குழாய் மாட்டிப் பொது இடத்தில் வரிசையாக ஆவி பிடித்தார்கள். நோய் பரவும் என்பதால் பொது இடங்களில் வேண்டாம் என்று 2021 மே மாதம் சுகாதாரத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் சொல்ல வேண்டியிருந்தது. ஆவியை எடுத்துக்கொண்டார்கள், பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்கும் ஆளை விட்டுவிட்டார்கள்.

2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. கொண்டுவரும் பெண்ணின் பையில் பிரஷர் மெஷினும் இருக்கிறது. நொச்சி வேலியில் இருக்கிறது, பல ஆரம்ப சுகாதார நிலையங்களில் சித்த மருத்துவர் இருக்கிறார். வேது பிடிக்கும் பெரியவர்களுக்கு முன்னால் ஒரு தடவை, கஞ்சி குடித்த பிறகு ஒரு தடவை, ஒரு மணி நேரம் கழித்து எழுந்து நிற்கவைத்து ஒரு தடவை பிரஷர் பார்த்து, எந்த மாத்திரையை எத்தனை மணிக்குப் போட்டார் என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொண்டே வந்தால், ஒரு மல்லாட்டைப் பருவத்துக்குள் எங்கள் வட்டாரத்துக்கென்று சொந்தக் கணக்கு கிடைத்துவிடும். அதற்கான நோட்டுக்கு நான் இப்போதே கோடு போட்டுத் தருகிறேன்.