அவித்த நெல்லும் வேகவைத்த கூடும்

தைப்பொங்கலை ஒட்டிய வாரங்களில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு செய்தியை எதிர்பார்ப்பது உழவர் வழக்கம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அந்த ஆண்டு எந்தெந்தப் பயிர்களில் புதிய இரகங்களை வெளியிடுகிறது என்ற செய்தி அது. ஆரணியில் அதன் நெல் பகுதியைக் கவனித்துப் படிக்க ஆள் உண்டு. எந்த நெல் எத்தனை நாள், அரிசி சன்னமா மோட்டாவா, அரவையில் நொய் எவ்வளவு விழும் என்பதெல்லாம் ஆலைக்காரருக்குப் பிழைப்பு. அதே பல்கலைக்கழகத்தின் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் பட்டுப்புழு வளர்ப்புக்கென்று தனித் துறையும் இளநிலைப் பட்டப்படிப்பும் இருக்கின்றன. அங்கிருந்து வரும் செய்திக்குப் பட்டால் பேர் பெற்ற ஆரணியில் அவ்வளவு காது கிடைப்பதில்லை.

காரணம் எளிது. நெல் ஆரணிக்கு நெல்லாகவே வருகிறது. பட்டு நூலாக வருகிறது. சுற்றுக் கிராமங்களில் விளைந்த மூட்டை ஆலை வாசலில் இறங்கும்போது அதன் இரகமும் ஈரமும் பேசப்படுகின்றன. தறியில் ஏறும் நூலோ புழுவையும் முசுக்கொட்டைத் தோட்டத்தையும் எங்கோ விட்டுவிட்டு வருகிறது. ஆகவே ஒன்று வேளாண்மை, மற்றொன்று கைத்தொழில் என்று ஊர் பிரித்து வைத்திருக்கிறது. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கண்ணுக்கு இரண்டும் விளைபொருள்களே. அந்தக் கண்ணைச் சற்று நேரம் இரவல் வாங்கிக்கொண்டு, ஆரணி அரிசியையும் ஆரணிப் பட்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போம்.

முதலில் குலம். நம் பக்கத்து ஆலைகளில் பல காலமாக அரைபடும் பொன்னி, மசூரி என்ற நெல்லிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. வெள்ளைப் பொன்னியாகக் கோவை அதை 1986இல் வெளியிட்டது. மசூரியின் கதை கடல் கடந்தது. 1950களில் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் வெப்பநாட்டு நெல்லையும் ஜப்பானிய வகை நெல்லையும் கலக்கும் பெருமுயற்சி ஒன்றைக் கட்டக்கை மையமாக வைத்து நடத்தியது. வெப்பநாட்டு நெல் வெயிலும் பூச்சியும் தாங்கும், ஆனால் உரம் போட்டால் நெடுநெடுவென வளர்ந்து சாய்ந்துவிடும். ஜப்பானிய வகை உரத்தைக் கதிராக மாற்றும், ஆனால் நம் வெயில் அதற்கு ஒத்துவராது. ஜப்பானிய ஆட்சிக்காலத் தைவானில் உருவான தாய்ச்சுங் 65, மலாயாவின் மாயாங் எபோஸ் ஆகிய இரண்டின் சேர்க்கையில் பிறந்து 1965இல் மலேசியாவில் வெளியானது மசூரி. அந்தப் பெருமுயற்சியில் பெரும்பாலான கலப்புகள் பதராகவே முடிந்தன. பலன் தந்தவை மிகச் சில. அவற்றில் இரண்டு தமிழ்நாட்டு வயல்களை ஆண்டன. பொன்னி ஒன்று. ஜப்பானின் நோரின் 10ஐயும் கோவையின் ஜி.இ.பி 24ஐயும் சேர்த்து 1960களில் ஆடுதுறையிலிருந்து வெளிவந்த ஏ.டி.டி 27 மற்றொன்று.

இனிப் பட்டுக்கு வருவோம். தென்னிந்தியாவின் பழைய இனமான மைசூர்ப் புழு வெயிலைத் தாங்கும். ஆண்டு முழுவதும் தலைமுறை தலைமுறையாகப் பொரிக்கும். ஆனால் அதன் கூட்டில் இழை குட்டை. குளிர்நாட்டுப் புழு ஆண்டுக்கு இரண்டு தலைமுறைதான் காணும். அதன் வெண்கூட்டிலிருந்து ஆயிரம் மீட்டரும் அதற்கு மேலும் அறுபடாமல் இழை எடுக்கலாம். பாவுக்கு வேண்டியது அந்த நீளமும் வலுவும்தான். 1991 முதல் மத்திய பட்டு வாரியம் ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையுடன் சேர்ந்து உழைத்து, ஜப்பானியக் கலப்புகளை அடிப்படையாக வைத்து மைசூரில் புதிய இனங்களை உருவாக்கியது. சி.எஸ்.ஆர் 2, சி.எஸ்.ஆர் 4 என்ற பெயர்கள் தமிழ்நாட்டு வெண்பட்டு விவசாயிகளுக்கு வெள்ளைப் பொன்னி போலவே பழக்கம். இன்று இந்தியாவின் வெண்பட்டு உற்பத்தியில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது.

நெல் ஆய்வாளரும் புழு ஆய்வாளரும் நாற்பது ஆண்டு இடைவெளியில், ஒருவரை ஒருவர் பார்க்காமலே, ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்: குளிர்நாட்டு விளைச்சலையும் வெப்பநாட்டு உறுதியையும் ஒரே உயிரில் எப்படிச் சேர்ப்பது? இருவரும் நாடிய துணையும் ஒன்றே, ஜப்பான். ஆரணியின் பந்தி இலையில் விழும் சோற்றுக்கும் அந்தப் பந்தியில் அமர்ந்தவர் உடுத்திய பட்டுக்கும் இப்படி ஒரு பங்காளி உறவு இருப்பது இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

விடை மட்டும் பிரிந்தது. நெல்லில் கலப்பு சில தலைமுறைகளில் நிலைபெற்றுத் தனி இரகமாகிவிடும். விதையை உழவரே எடுத்து வைத்து மறு பட்டத்துக்கு விதைக்கலாம். புழுவில் கலப்பின் வீரியம் முதல் தலைமுறையோடு சரி. ஒவ்வொரு பயிருக்கும் பெற்றோர் இனங்களைப் புதிதாகச் சேர்த்து வைக்கவேண்டும். விவசாயி முட்டைத்தொகுதியையோ இளம்புழுவையோ ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்து வாங்கியே தீரவேண்டும். நெல் வெளியீடு ஒரு நாள் செய்தி. பட்டு வெளியீடு ஆண்டெல்லாம் நடக்கும் வேலை.

நெல்லின் குலவரலாற்றில் பட்டுக்கு இணை இல்லாத ஒரு சுற்றும் உண்டு. கோவை நெல் ஆராய்ச்சி நிலையம் 1912இல் தொடங்கியது, ஜி.இ.பி 24ஐ 1921இல் வெளியிட்டது. அந்த நெல்லும் மசூரியும் சேர்ந்த வழியில் ஆந்திரத்தின் பாபட்லாவில் பி.பி.டி 5204 உருவாகி 1986இல் வெளியானது. வெள்ளைப் பொன்னி வந்த அதே ஆண்டு. பிறகு அந்தப் பி.பி.டியையே பெற்றோரில் ஒன்றாக வைத்துக் கோவை 2017இல் கோ 52ஐ வெளியிட்டது. ஊரை விட்டுப் போன மகளின் பேத்தி, ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து அதே வாசலுக்குத் திரும்பி வந்ததைப் போல.

அடுத்தது கொதிநீர். இங்கே சற்று நிதானிக்க வேண்டும். இரண்டு பொருள்களும் மிக நெருங்கி வந்து, மிகத் தெளிவாகப் பிரியும் இடம் இது.

புழுங்கலுக்கு நெல்லை ஊறவைத்து ஆவியில் அவிக்கிறார்கள். மாவுப்பொருள் கூழாகி, அரிசிக்குள் இருக்கும் நுண்ணிய வெடிப்புகளை அடைத்துக்கொள்கிறது; உலர்ந்த பின் அரிசி இறுகி, அரவையில் உடைவது குறைகிறது. உமிக்கு அடியில் மேல்தோலில் இருக்கும் தயமின் நீரோடு சேர்ந்து உள்ளே இறங்குகிறது. இந்த இறக்கத்தின் மதிப்பை உலகம் உணர்ந்த கதையில் தமிழருக்கும் பங்கு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர்கள் பெரிபெரி நோயால் மடிந்தபோது, புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்கள் பெரும்பாலும் தப்பினர். மருத்துவர் பிராடன் இதைக் கவனித்து எழுதினார். 1909இல் ஃப்ரேசர், ஸ்டான்டன் இருவரும் சோதனையால் உறுதிப்படுத்தினார்கள்.

பட்டுக்கூட்டை வெந்நீரில் வேகவைக்கும்போது நடப்பது நேர்மாறானது. இழைகளை ஒட்டவைத்திருக்கும் செரிசின் என்ற பசை இளகி, நுனி பிடிபடுகிறது. நூலான பிறகும் அதில் பசை மிச்சம் இருக்கும். சாயத்துக்கு முன் சோப்பும் சோடாவும் சேர்த்துக் கொதிக்கவைத்துப் பசை போக்கும்போது நூல் தன் எடையில் ஏறக்குறைய கால் பங்கை இழக்கிறது. பளபளப்பும் மென்மையும் அதற்குப் பிறகுதான். நெல்லில் கொதிநீர் புறத்தில் உள்ளதை அகத்துக்குள் செலுத்துகிறது. பட்டில் புறத்தைக் கழற்றி அகத்தை வெளிக்காட்டுகிறது. ஒன்றுக்குச் சேர்மானத்தால் மதிப்பு, மற்றொன்றுக்குக் கழிவால் மதிப்பு.

அந்தக் கழிவில்தான் இரண்டும் மறுபடி கூடுகின்றன. நெல்லில் ஐந்தில் ஒரு பங்கு உமி. அது ஆலையின் கொதிகலனுக்கே எரிபொருளாகிறது. தவிட்டில் நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு எண்ணெய். ஆனால் அரைத்த உடனேயே தவிட்டில் உள்ள நொதி அந்த எண்ணெயைக் கெடுக்கத் தொடங்கிவிடும். விரைவில் சூடுகாட்டி நிலைப்படுத்த வேண்டும். புழுங்கல் தவிட்டில் நெல் முன்பே வெந்திருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. பட்டுக்கூட்டில் ஓடு ஐந்தில் ஒரு பங்குதான். மிச்சமெல்லாம் உள்ளே இருக்கும் கூட்டுப்புழு. உலர்ந்த புழுவில் கால் பங்குக்கு மேல் கொழுப்பு, பாதியளவு புரதம். நூற்பு முடிந்ததும் அதுவும் வேகமாகக் கெட்டு நாறத் தொடங்கும். தவிட்டுக்கும் புழுவுக்கும் ஒரே நோய், ஒரே மருந்து: ஈரத்தை விரட்டு, எண்ணெயைப் பிரி, பிண்ணாக்கைக் கோழிக்கும் மீனுக்கும் கொடு.

இதில் அரிசி வெகுதூரம் முன்னே போய்விட்டது. தவிட்டெண்ணெய் மளிகைக் கடைக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. பட்டு பின்தங்கியிருக்கிறது. அழகுப்பொருளிலும் புண்ணுக்கு இடும் கட்டிலும் பயன்படும் செரிசினை, சாயப்பட்டறைகள் சோப்புத் தண்ணீரோடு கால்வாயில் விடுகின்றன. அது நீரின் உயிர்வளியையும் தின்றுவிடுகிறது. ஆரணிக்குக் கூட்டுப்புழு வருவதில்லை, நூல்தான் வருகிறது என்பதால் புழுக் கொழுப்பைப் பற்றி ஊர் கவலைப்பட வேண்டாம். பசை நீர் அப்படியல்ல. அது முழுக்க நம் ஊர் விஷயம், கமண்டல நாகநதிக் கரை விஷயம்.

இங்கே பல்கலைக்கழகத்தின் நாட்காட்டிக்குத் திரும்பலாம். இந்த மாவட்டத்துக்கு 2014இல் வாழவச்சனூரில் வேளாண் கல்லூரி வந்தது; வெம்பாக்கம் வட்டத்துக் கீழ்நெல்லியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. வேளாண் கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவர்கள் கிராமங்களில் தங்கி ஊரக வேளாண் பணி அனுபவம் பெறுகிறார்கள். விதை நேர்த்தி செய்துகாட்டும் அவர்களின் படங்கள் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் வருகின்றன. உழவர் தினம், கண்காட்சி, பயிற்சி என்று நெல்லுக்குச் செய்தி ஓயாது. பட்டுக்கு உரிய நிகழ்ச்சிகள் முசுக்கொட்டை விளையும் கிருஷ்ணகிரி, தருமபுரி, கோவைப் பக்கம் நடக்கின்றன. இரண்டும் தத்தம் இடத்தில் சரியே. ஆனால் நெல்லை அவிப்பவரும் நூலை அவிப்பவரும் ஒரே ஊரில் வாழ, அவர்களுக்குச் சொல்லித்தரக் கூடிய உணவுப் பதனீட்டுத் துறையும் பட்டுத் துறையும் ஒரே பல்கலைக்கழகத்தில் இருக்க, நால்வரும் ஒரே கூடத்தில் உட்கார ஒரு நாள் குறிக்கப்படவில்லையே என்பது என் ஆதங்கம்.

அப்படி ஒரு நாளில் முற்பகல் தவிட்டை நிலைப்படுத்துவது பற்றியும் பிற்பகல் செரிசினை மீட்பது பற்றியும் பேசலாம். உமி எரித்த சாம்பலைக் கொண்டு சாயக் கழிவுநீரைத் தெளியவைக்க முடியுமா என்ற கேள்வியை இரு தரப்பும் சேர்ந்தே எழுப்பலாம். ஒருவர் கழிவு மற்றவர் கழிவுக்கு மருந்தாகுமா என்று மாணவர்கள் இங்கேயே சோதிக்கலாம். இதற்குப் பெரிய அரங்கு வேண்டாம்; ஊர்க் கல்யாண மண்டபம் போதும். வாழவச்சனூர்க் கல்லூரியும் மேட்டுப்பாளையத்துப் பட்டுத் துறையும் தங்கள் அடுத்த நிகழ்ச்சிப் பட்டியலில் ஆரணிக்கு ஒரு நாள் ஒதுக்க வேண்டும். அழைப்பிதழை அரிசி ஆலைக்கு அனுப்பும்போதே சாயப்பட்டறைக்கும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கும் அனுப்ப வேண்டும்.